யோனத்தானின் ரசிகன்

14 மார்ச் 1972, செவ்வாய்

பெருங்களத்தூர் டீக்கடைக்காரரின் வால்வு ரேடியோ இன்று பிழைத்துவிட்டது! மூன்று கடை ஏறி இறங்கி, எங்கும் ஆகாமல் எங்கள் கடைக்கு வந்தது. முதலாளி பூவராகன் அண்ணன் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணியும் இல்லபா, எலி குடும்பம் நட்த்திகினு கீது" என்றார். மத்தியானத்துக்குள் பாட வைத்துவிட்டேன். யாரும் கற்றுத் தரவில்லை. மூர் மார்க்கெட்டில் வாங்கிய அட்டை கிழிந்த புத்தகமும், விரலில் வாங்கிய ஷாக்கும்தான் என் காலேஜ்.

சாயங்காலம் கோயில் பாடகர் குழுவில் ஈஸ்டர் பாட்டுப் பயிற்சி. என் நண்பன் ஜெபசீலன் பேஸ், அதாவது கீழ்க்குரல்; நான் டெனர், மேல்குரல். அவன் கீழே பிடிக்கிற சுரம் பெஞ்சுப் பலகை வழியாக என் முதுகில் ஏறுகிறது. முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரும்புலியூர் ரயில்வே கேட் வரை நடந்தோம். கேட் மூடியிருந்தது.

"ஆபீஸ்ல எல்லாரும் எவனாவது ஒரு ஸ்டாருக்கு ரசிகனா இருக்கானுங்க. நீ யாருக்குடா ரசிகன்?" என்றான்.

"யோனத்தான்."

"எது, பைபிள்ல வர்ற யோனத்தானா?"

"அவனேதான். சவுல் ராஜாவோட புள்ள. பட்டத்துக்கு வர வேண்டியவன். ஆடு மேய்க்கிற தாவீதைப் பார்த்த அன்னிக்கே சால்வை, கத்தி, வில்லு, கச்சை எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டான். அதுக்காக அப்பன் ஈட்டியைத் தூக்கி எறிஞ்சான். அப்பவும் விடல. கடைசியில என்ன கிடைச்சுது? செத்தப்புறம் தாவீது ஒரு பாட்டு பாடினான்."

"பாட்டாவது கிடைச்சுதே!" என்று சிரித்தான்.

எலெக்ட்ரிக் டிரெயின் போயிற்று. கேட் திறந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மூடியிருக்கலாம்.

19 மார்ச், ஞாயிறு

சபை வாலிபர் ஐக்கியத்தில் இந்த வருஷம் பைபிளின் ஆதியாகமம். வாரத்துக்கு ஓர் அதிகாரம், வரிசைப்படி ஆளுக்கு ஒருவர் எழுந்து விளக்க வேண்டும், யாரும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. செக்ரட்டரி ஐசக் இன்று அடுத்தடுத்த பெயர்களை அறிவித்தான். "பத்தொன்பது, அசரியா!" என் பேர். ஒரே சிரிப்பு. ஆணோடு ஆண் சேர்ந்த பாவத்துக்குத்தான் அழிந்தது என்று பிரசங்கத்தில் சொல்வார்களே, அந்தச் சோதோம் பட்டணத்து அதிகாரம்.

"நெருப்பு, கந்தகம், உப்புத்தூண். எல்லா சவுண்டும் நீயே குடுத்துடு மச்சான், ரேடியோக்காரன்தானே!" என்றான் ஐசக்.

நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் என்று அம்மாவிடம் சொன்னேன்.

21 மார்ச், செவ்வாய்

எழுதிவிடலாமா? இதைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

ஐசக் தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது, சட்டைக் காலரைச் சரி செய்துகொள்கிறான். எனக்கு அது ஜெபசீலனைப் பார்த்தால் நடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே ஆண்பிள்ளைகளைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறது. போகும் என்று இருந்தேன். உபவாசம் இருந்து பார்த்தேன். போகவில்லை.

எழுதியாயிற்று. பேனா ஒன்றும் உடைந்துபோகவில்லை.

27 மார்ச், திங்கள்

ஜெபசீலன் கடைக்கு வந்தான். எக்மோர் ஆபீஸிலிருந்து நேராக, கையில் அல்வாப் பொட்டலத்தோடு. பெண் நிச்சயமாகிவிட்டதாம். பியூலா. பல்லாவரத்தில் டீச்சர். எங்கள் சபைக் கமிட்டியில் இருக்கிற லாசரஸ் அங்கிளின் தங்கை மகள். ஈஸ்டர் முடிந்து மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள், மே மாதம் கல்யாணம்.

"முதல்ல உனக்குத்தான்டா சொல்றேன்."

அல்வா நன்றாகத்தான் இருந்தது.

4 ஏப்ரல், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

என் பைபிளில் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒத்த வசனங்கள் போட்டிருக்கும். சோதோம் என்ற பேர் வருகிற இடமெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு வயர் எங்கே போகிறது என்று பின்னாலேயே போகிற மாதிரி. எசேக்கியேல் பதினாறில் போய் நின்றது. சோதோமின் அக்கிரமம் என்ன என்று அங்கே ஆண்டவரே சொல்கிறார். பெருமை. வயிறு நிறையச் சோறு. சுகமாக உட்கார்ந்துகொண்டு ஏழையின் கையைப் பிடித்துத் தூக்காதது. அருவருப்பு என்று ஒரு வார்த்தையும் பிறகு வருகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதலில் சொன்னது சோறு! கந்தகப் பிரசங்கம் எத்தனை கேட்டிருக்கிறேன், ஒருவராவது சோற்றைப் பற்றிச் சொன்னாரா?

அதிகாரத்தையும் திரும்பப் படித்தேன். ஊரார் கூட்டமாக வந்து கதவை உடைக்கிறார்கள். வந்த விருந்தாளிகளைக் கெடுக்க வருகிறார்கள். அது ஆசையா? அது அடாவடி. அந்தக் கும்பலில் நான் எங்கே இருக்கிறேன்? ரயில்வே கேட் திறக்கக்கூடாது என்று நிற்கிறவனுக்கும் கதவை உடைக்கிறவனுக்கும் ஒரே பேரா?

நேர்மையாகவும் எழுத வேண்டும். ஆணோடு ஆண் படுக்காதே என்கிற லேவியராகமம் அப்படியேதான் இருக்கிறது. அதையே சொல்கிற ரோமர் முதல் அதிகாரமும் இருக்கிறது. அவற்றின் மேல் ஏறிக் குதிக்க எனக்குத் தெரியவில்லை. அதே லேவியராகமத்தில் அடுத்த அதிகாரத்தில் இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்று இருக்கிறது. டெரிலினும் பருத்தியும் கலந்த, லாசரஸ் அங்கிளின் டெரிகாட்டன் பேண்ட்டை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனால் அங்கிள் டெரிகாட்டன் போடுவதால் எனக்கு விடுதலை வந்துவிடுமா? வராது. தெரியும்.

5 ஏப்ரல், புதன்

இன்னொன்று. மோசேயின் சட்டப்படி அண்ணகன், அதாவது பிள்ளை பெற வழியில்லாதவன், சபைக்குள் வரக்கூடாது. ஏசாயா ஐம்பத்தாறில் கதை மாறுகிறது. அவனுக்கு என் வீட்டில் இடம் தருவேன், என் மதிலுக்குள் ஒரு பேர் தருவேன், மகன் மகள் என்பதைவிட நல்ல பேர் என்கிறார். அப்புறம் அப்போஸ்தலர் எட்டில் எத்தியோப்பியா தேசத்து மந்திரி, அண்ணகன் ஒருவர், ரதத்தில் அதே ஏசாயாவைப் படித்துக்கொண்டு போகிறார். வழியில் தண்ணீரைப் பார்க்கிறார். நான் ஞானஸ்நானம் எடுக்க என்ன தடை என்று கேட்கிறார். ரதத்தில் கூட வந்த ஊழியர் பிலிப்பு இறங்கிக் கொடுத்துவிடுகிறார். கமிட்டி கூட்டவில்லை!

நான் அண்ணகன் இல்லை. ஆனால் வாசலில் நிற்கிறவனை அடையாளம் தெரிகிறது.

இதையெல்லாம் ஐக்கியத்தில் சொல்ல முடியுமா? எழுந்து நின்றால் வாய் வருமா?

7 ஏப்ரல், வெள்ளி

தைரியம் வேண்டும். யாராவது எனக்காக ஜெபித்தால் நன்றாக இருக்கும். யூனிஸ் அக்காவிடம் போனேன். எங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கிறவர், எனக்கு டெனர் பிடிக்கக் கற்றுத் தந்தவர்.

"அக்கா, ஒரு ஜெபக்குறிப்பு. என் ஃப்ரெண்ட் ஒருத்தன். அவனுக்கு பொண்ணுங்க மேல மனசு போகல. ஆம்பளைங்க மேலதான் போகுது. அவன் கெட்டவன் இல்லக்கா. ஆண்டவர்கிட்ட இடம் உண்டான்னு தெரியாம தவிக்கிறான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேரு வேண்டாம் தம்பி. ஆண்டவருக்குத் தெரியும்."

என்ன லேசாக இருக்கிறது!

16 ஏப்ரல், ஞாயிறு

முதல் ஓலை. "ஜெபசீலன் என்பவருக்கும் பியூலா என்பவருக்கும்…" போதகர் ஐயா வாசித்துவிட்டு, இவர்கள் விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு, வழக்கம்போல நிறுத்தினார். அந்த மௌனத்தில் யாரோ இருமினார்கள்.

எனக்கு ஒரு தடையும் தெரியாது. எனக்கு வலிப்பது அவனுக்குத் தடையா என்ன?

19 ஏப்ரல், புதன்

ஐயோ.

அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்திலிருந்து வந்து பையை வைத்ததும் சொன்னது இது. "இன்னிக்கு யூனிஸ் என்னமா ஜெபம் பண்ணா தெரியுமா! எல்லாரும் அழுதுட்டோம். நம்ம சபைப் பையனாம். ஆம்பளைப் பையன் மேலயே மனசு போகுதாம், பாவம். 'தம்பி அசரியா பாரத்தோடு கொண்டுவந்த அவனுடைய நண்பனுக்காக'ன்னு உன் பேரைச் சொல்லி ஜெபிச்சா. எனக்குப் பெருமையா இருந்துது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏண்டா, ஜெபசீலனா?"

அக்கா பேர் சொல்லவில்லை. என் பேரைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு எத்தனை நண்பர்கள் இருக்கிறார்கள்? ஊருக்கே தெரியும், ஒருத்தன்தான்.

நாப்பது பொம்பளைங்க கண்ணை மூடிக்கிட்டு கேட்டிருக்காங்க. நான் என்ன பண்ணிட்டேன்? ஜெபக்குறிப்பாம் ஜெபக்குறிப்பு! நேரா மைக் செட்ல சொல்லியிருக்கலாம்!

"அவன் இல்லம்மா" என்றேன். "அப்ப யாரு?" என்றாள். கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

23 ஏப்ரல், ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை கேட்டு நிறுத்தியபோது இந்த முறை யாரும் இருமவில்லை. எல்லோரும் பாடகர் குழுவைப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் லாசரஸ் அங்கிள் போதகரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

24 ஏப்ரல், திங்கள்

ஜெபசீலன் ஆபீஸுக்குப் போகாமல் கடைக்கு வந்தான். பூவராகன் அண்ணன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"டேய், என்னடா நடக்குது? லாசரஸ் அங்கிள் என்னைத் தனியா கூப்பிட்டு 'டாக்டர்கிட்ட காட்டினியா'ன்னு கேக்குறாரு. மூணாவது ஓலையை நிறுத்தச் சொல்லியிருக்காராம். பியூலா வீட்ல ஒரே அழுகை. யாரோ உன் ஃப்ரெண்டுன்னு யூனிஸ் அக்காகிட்ட சொன்னியாமே. எவன்டா அது?"

"நீ இல்ல."

"நான் இல்லன்னு எனக்குத் தெரியாதா? எவன்னு கேக்குறேன்."

சால்டரிங் அயர்ன் கையில் இருந்தது. கீழே வைக்க இடம் தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு நாளா?"

"காலண்டர் பார்த்து வரல."

"யார் மேல?"

நான் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினேன். அவனுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"நீ யாருக்கும் சொல்லாதே அசரி," என்றான் கடைசியில். "உன்னைக் கொன்னுடுவாங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். சமாளிச்சுக்கறானாம்! அவன் கல்யாணம் நிக்குது, என்னைக் காப்பாத்தறானாம்!

27 ஏப்ரல், வியாழன்

போதகர் ஐயா வீட்டுக்குப் போனேன். லாசரஸ் அங்கிளும் இருந்தார். ஒரு விதத்தில் நல்லது, இரண்டு முறை சொல்ல வேண்டாம்.

"ஐயா, ஜெபசீலனுக்கு ஒரு தடையும் இல்ல. யூனிஸ் அக்காகிட்ட சொன்ன அந்த ஃப்ரெண்ட் நான்தான்."

அங்கிள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கூட்டாளியைக் காப்பாத்த கதை விடுறியா?"

"காப்பாத்தணும்னா வேற நல்ல பொய்யா சொல்லியிருப்பேன் அங்கிள்."

"அப்ப அவனுக்கும் உனக்கும்…"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது. திங்கக்கிழமை வரைக்கும்."

அங்கிள் எழுந்து வெளியே போய்விட்டார். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. ஐயா என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, லேவியராகமத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. ரோமர் முதல் அதிகாரமும் தெரியும். மனப்பாடமாவே சொல்வேன். ஆனா அந்த எத்தியோப்பியா மந்திரி தண்ணியைப் பார்த்துட்டு எனக்கு என்ன தடைன்னு கேட்டாரே? சட்டத்துல அவருக்குத் தடை இருந்துது. பிலிப்புக்கும் அது தெரியும். ஆனா தடைன்னு ஒரு வார்த்தை சொல்லலையே ஐயா?"

ஐயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதனால் அவர் என்னைப் பார்க்காததே நல்லதாக இருந்தது.

"எனக்கு இதுக்குப் பதில் தெரியல," என்றார். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். ஆனா சபையை நான் சமாளிக்கணும். பாடகர் குழுவுல இப்போதைக்கு நிக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை அதிகாரத்தை ஐசக் எடுக்கட்டும்."

"கோயிலுக்கு?"

"கோயிலுக்கு வராதேன்னு சொல்ல நான் யாருப்பா?"

30 ஏப்ரல், ஞாயிறு

மூன்றாம் ஓலை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். ஐயா தடை கேட்டு நிறுத்தினார். ஒருவரும் பேசவில்லை. அவன் கல்யாணம் நடக்கும்.

டெனர் பக்கம் மெலிந்துபோய்க் கேட்டது. யூனிஸ் அக்கா ஒரு கட்டையைத் தப்பாக அழுத்தினார். அவர் தப்பாக வாசித்து நான் கேட்டதே இல்லை.

மாலை ஐக்கியத்துக்குப் போகவில்லை. ஐசக் கந்தகத்தை வாரி இறைத்தானாம். சோற்றைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

3 மே, புதன்

அம்மா என்னோடு பேசுவதில்லை. ஆனால் டிபன் டப்பாவைத் திறந்தால் ஆம்லெட் இருக்கிறது.

11 மே, வியாழன்

கல்யாணம். மைக் செட் பூவராகன் அண்ணனுடையது, அது முன்பே பேசினது. அதனால் நானும் போனேன். கோயில் மதிலை ஒட்டி வெளியே, வேப்பமரத்தடியில் ஆம்ப்ளிஃபயர். உள்ளே நடப்பதை நான் பார்க்கவில்லை. ஹெட்ஃபோனில் கேட்டேன்.

ஐயா கேட்டார். ஜெபசீலன் "சம்மதம்" என்றான். அதே கீழ்ச் சுரம். ஊருக்கெல்லாம் ஸ்பீக்கரில் கேட்டது. எனக்கு மட்டும் காதுக்குள்ளே கேட்டது.

லாசரஸ் அங்கிள் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல், "சத்தம் கம்மியா இருக்கு" என்றார். கூட்டினேன்.

"இன்னாபா, கண்ணு கலங்கிகீது?" என்றார் பூவராகன் அண்ணன்.

"வால்வு சூடுண்ணே."

"வால்வு சூட்ல கண்ல தண்ணி வராதுபா. எத்தினி வருசமா இந்தப் பொட்டிய தூக்கிகினு அலையறேன், எனுக்குத் தெரியாதா?" தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். "அயுதுக்கோ. ஆனா கொய்ங்னு சத்தம் வராம பாத்துக்க."

வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை.

6 ஆகஸ்டு, ஞாயிறு

ஆராதனை தொடங்குமுன் யூனிஸ் அக்கா கடைசி பெஞ்சு வரை வந்தார். "தம்பி, நான் பேரைச் சொல்லலையேன்னு நெனச்சேன்" என்றார். அழுதார். "பரவால்லக்கா, ஜெபம் கேட்டது நான்தானே" என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். அக்கா அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

22 அக்டோபர், ஞாயிறு

இரும்புலியூர் கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் அவனும் பியூலாவும். அவன் கையை உயர்த்தினான். டிரெயின் நடுவில் வந்தது. நீளமான டிரெயின்.

9 ஜனவரி 1973, செவ்வாய்

போதகர் ஐயா ரேடியோ பழுது என்று வீட்டுக்குக் கூப்பிட்டார். பிளக்கில் ஒரு வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். முறுக்கிவிட்டு எழுந்தேன்.

"ஏசாயா ஐம்பத்தாறு படிச்சேன்," என்றார். "பிரசங்கம் பண்ண இன்னும் தைரியம் வரல. லேவியராகமமும் என்னை விடல. ஆனா படிச்சுக்கிட்டே இருக்கேன்."

என்னைத் தவிர இன்னொருவரும் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதே என்னமோ மாதிரி இருந்தது. தெருவெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். டெனர்தான்.

9 ஜூன், சனி

கடை சாத்துகிற நேரம் ஜெபசீலனும் பியூலாவும் வந்தார்கள். குழந்தை அவள் தோளில். மூன்று மாதம். ஆண். அவனுடைய காது.

அடுத்த ஞாயிறு ஞானஸ்நானமாம். "நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்ண்ணா," என்றாள் பியூலா. நான் முழித்தேன். "உங்களுக்கு எல்லாம் தெரியுமாம்மா?"

"தெரியும். நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. எனக்குக் கல்யாணம் நின்னிருக்கும். என் பிள்ளைக்கு வேற யாரை நிறுத்தறது?"

"லாசரஸ் அங்கிள்…"

"மாமா வரமாட்டாராம். போதகர் ஐயாகிட்ட கேட்டோம். 'என்ன தடை?'ன்னார்."

ஜெபசீலன் ஸ்பீக்கர் ஒன்றின் மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். "பேரு என்னடா?" என்று கேட்டேன். "அங்க வந்து சொல்றேன்" என்றான்.

17 ஜூன், ஞாயிறு

லாசரஸ் அங்கிள் வரவில்லை. ஐசக் வந்தான், என் பக்கம் திரும்பவில்லை. அம்மா என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தது. பால் வாசனை. ஜெபசீலன் பக்கத்தில் நின்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில். எனக்கு ஒன்றும் மாறவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும், கோயிலுக்குள், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் மாறவில்லை.

ஐயா என்னிடம் கேட்டார், "இந்தப் பிள்ளையின் பேர் என்ன?"

ஞானத்தகப்பன்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது. திரும்பினேன். ஜெபசீலன் என் காதருகே குனிந்து, கீழ்ச் சுரத்தில் சொன்னான்.

பிள்ளையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். சபை முழுதும் காத்திருந்தது.

"யோனத்தான்" என்றேன்.